கத்தரீனாள் சொல்லிக்கொடுத்த தப்பு

ஏலப்பாறைக்குப் பக்கத்து எஸ்டேட்டில் கத்தரீனாள் முப்பத்தாறு வருடம் கொழுந்து கிள்ளினாள். கணவன் போன பிறகு தனியாளாக மகள் ஜெசிந்தாவைப் பாலிடெக்னிக் படிக்க வைத்தாள். ஜெசிந்தாவுக்குக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் வேலை. அம்மா தினமும் போன் செய்வாள். "சாப்ட்டியா? அங்க மழையா? சரி, வையி." அவ்வளவுதான். அம்மா பேசாதவள் என்றே மகள் நம்பியிருந்தாள்.

அம்மாவின் அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம், ஜெசிந்தா தங்கியிருந்த லயத்துக்கு, எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, பின்சி வந்தாள். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவு டீச்சர்; அறிவியல் கதை எழுதுகிறவள். செவ்வாய் கிரகத்தில் தேயிலை போடும் கூலிச்சனத்தைப் பற்றி ஒரு கதை. அதற்காக இரண்டு வருடம், ஞாயிறுதோறும் பூசை முடிந்து கத்தரீனாளோடு உட்கார்ந்திருக்கிறாள். பதிவு செய்த பேச்சு மட்டும் பதினான்கு மணி நேரம். அச்சுக்குப் போகுமுன் மகளின் சம்மதம் வேண்டும் என்று கத்தரீனாள் சொல்லியிருந்தாளாம்.

பதினான்கு மணி நேரம். ஜெசிந்தாவுக்கு வயிறு எரிந்தது. தனக்கு வரவேண்டிய பங்கைச் சாப்பிட்டுவிட்டு ஒருத்தி கை கழுவத் தண்ணீர் கேட்டு நிற்பது போலிருந்தது. சம்மதம் தருவதில்லை என்று முடிவு செய்த பிறகுதான் தாள்களை வாங்கினாள். மறுக்க ஒரு தப்பு போதும்.

பதினோராம் பக்கத்தில் கிடைத்தது. இறந்த பெண் கிள்ளிவந்த செடி வரிசையை, அவளுடைய நிரையை, அடக்கத்தன்று யாரும் தொடாமல் விடுவதாகக் கதையில் இருந்தது. லயத்துப் பெண்கள் அந்த நிரையில் செய்வது வேறு. அம்மாவுக்குச் செய்தபோது ஜெசிந்தா பக்கத்தில் நின்றாள்.

"ரெண்டு வருஷம் கேட்டு இதத்தான் எழுதுனீங்களாக்கும், டீச்சர்?"

பின்சி வாதாடவில்லை. போனில் ஒரு பதிவை ஓடவிட்டாள். கத்தரீனாளின் குரல், நடுநடுவே சிரிப்பு.

"நெரையில நாங்க செய்யிறது எங்களோட இருக்கட்டும் புள்ள. அத அச்சுல போட்றாத. செவ்வாயில சும்மா விட்டாங்கன்னு எழுதிக்க. எம் மக படிச்சா தப்புன்னு பாஞ்சுக்கிட்டு வருவா. வரட்டும்."

பின்சி அதை எழுதவில்லை. இங்கேயும் அது எழுதப்படாது.

அவள் தப்பு என்று பிடித்தது, அம்மாவும் பின்சியும் பேசிவைத்த ஏற்பாடு. ஜெசிந்தாவுக்கு அதிலும் பொறாமை. அந்த 'வரட்டும்' தனக்கானது. அதையும் அம்மா இவளிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

வெகுநேரம் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

"செவ்வாயில தேயில வளக்குற கூடாரத்துக்குள்ள காத்தழுத்தம் நம்மதுல அஞ்சுல ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க. அந்த அழுத்தத்துல தண்ணி அறுபது டிகிரியிலயே கொதிச்சிரும். இவங்க குடிக்கிற பால் ஊத்தாத கட்டஞ்சாயாவுல சாறு எறங்காது."

"அம்மா இதப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

"அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

ஓரத்தில் சரியான அளவை எழுதினாள். அதற்குக் கீழே சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.