மண்சோறு உண்ட ஓட்டுநர்

மல்லசமுத்திரத்தை அடுத்த அம்மன் கோயிலில், பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் வெறுந்தரையில் இட்ட சோற்றை உண்பது வழக்கம். சென்ற ஆடியில் அவ்வரிசையில் ஓர் ஆண் வந்து அமர்ந்தார். கறுத்து மெலிந்த லாரி ஓட்டுநர். மண்டபத்தில் இடமிருந்தும் அதுவரை நின்றுகொண்டே இருந்தவர்.

“ஏனுங்க, பொம்பளைங்க பந்தியில உங்களுக்கு என்னங்க வேலை?” என்று ஒருத்தி சிரித்தாள்.

“பரிசோதனையில எனக்குத்தான் உயிரணு கம்மின்னு வந்துச்சுங்க. இஞ்சின் சூடும் பீடியும் காரணமா இருக்கலாமுன்னு டாக்டர் சொல்றாருங்க. உக்காந்தே இருக்காதீங்கன்னாரு, நிக்கறேன், பீடியயும் உட்டுப்போட்டேன். இத்தன வருசமா எங்கூட்டுக்காரிதான் மண்ணுல சாப்புட்டா. இனி அவ எதுக்குங்க சாப்புடணும்?”

பூசாரி தயங்கி, அருகில் துதிப்பாடல் ஓதிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். ஓட்டுநரும் திரும்பினார்.

“ஆம்பளைக்குப் போட்டா ஆத்தா கோவிச்சுக்குமுங்களா, சாமி?”

அம்மையும் அப்பனும் ஒன்றே என்று நாள்தோறும் ஓதும் நாவால் மறுக்க இயலவில்லை.

“போடுங்க பூசாரி” என்றேன்.

ஓட்டுநர் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு, குனிந்து உண்டார். மனைவி தூணருகே நின்று அவரையே பார்த்திருந்தாள். வரிசைக்குப் பின்னால் நின்ற மற்றக் கணவன்மாரோ ஒருவர் பின் ஒருவராகக் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினர். அவர்களுள் எத்தனை பேர் பரிசோதனைக்குப் போயிருப்பர் என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன்.