ரூத்தம்மாவின் படம்

சாம்பியாவில் ஊழியம் செய்யும் நாங்கள் விடுமுறைக்கு ஆவடி வந்திருந்தோம். வந்ததிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிறு ஆராதனையில் கணவர் ஊழியத்தைப் பற்றிப் பேச, நான் லேப்டாப்பில் படங்களை மாற்ற வேண்டும்.

"இவங்க ரூத். எங்க பக்கத்து வீடு. இவங்களுக்காக ஜெபம் பண்ணுங்க," என்றார் கணவர்.

திரையில் தோள் கிழிந்த சட்டையோடு ரூத்தின் முகம். முன்வரிசை அக்கா ஒருவர் உச்சுக்கொட்டினார். "பாவம், யாருமே இல்லாத மாதிரி கீதே!"

சீக்கிரம் அடுத்த படத்துக்குப் போய்விடத் துடித்தேன். அதற்குள் என் நான்கு வயது மகள், "ரூத்தம்மா!" என்று திரையை நோக்கி ஓடினாள். சாம்பியாவில் நான் காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் அவளுக்குச் சோறூட்டித் தூங்கவைத்தவர் ரூத்தான்.

திரையைத் தடவிப் பார்த்தவள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, அவங்க மடியில நான் படுத்திருந்தேனே? நான் எங்க?"

சபையே என்னைப் பார்த்தது. ரூத் ஆதரவற்றவராகத் தெரியட்டும் என்று, தோளுக்குக் கீழே படத்தை வெட்டியவள் நான்தான்.

கணவரிடமிருந்து மைக்கை வாங்கினேன். "மொதல்ல எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க," என்றேன்.