தோள்பட்டையில் ஒரு சந்து

ரோபோவின் வலது கை மேலே எழவில்லை. மறுநாள் காலை ஈப்போவில் பொம்மைக் கடை திறப்பு. பெயர்ப் பலகையை மூடியிருக்கும் துணியை அந்தக் கைதான் உருவ வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஓட்டை வாளிகளுக்கு ஈயம் பற்றவைத்துத் தொழில் படித்து, ஈப்போவில் சொந்தமாகத் தகரப் பட்டறை போட்டேன். நான் செய்த ரப்பர் பால் வாளி ஒழுகியது என்று சொல்ல இன்றுவரை பேராக் மாநிலத்தில் ஆள் கிடையாது. அதனால்தான் பொம்மைக் கடை முதலாளி என்னைத் தேடி வந்தார். டிவியில் வரும் ஜப்பான் கார்ட்டூன் ரோபோவை, உள்ளே ஓர் ஆள் நின்று நடக்கிற மாதிரி தகரத்தில் செய்யச் சொன்னார். மாதிரிக்கு ஒரு பொம்மைப் பெட்டி கொடுத்தார். அதன்மேல் இருந்த படத்தை அளந்து, பெரிதாக்கி, கோடு மாறாமல் செய்தேன். கார்ட்டூனை மட்டும் நான் பார்க்கவில்லை. பிள்ளைகள் சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே நின்றவன் என் மனைவியின் தம்பி மாரி. லாரி ஓட்டுகிறவன், நல்ல உடம்பு.

"தூக்குடா."

"தூக்கிட்டுத்தான் இருக்கேன் மச்சான். கை வர மாட்டேங்குது. ரோபோ கேட்டா சவப்பெட்டி செஞ்சு வச்சிருக்கீங்க."

முதலாளி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "பாக்க அச்சு அசலா இருக்குய்யா. ஆனா கை எந்திரிக்கலன்னா பிள்ளைங்க சிரிச்சிரும்லா. இருட்டுறதுக்குள்ள பாரு. முடியலன்னா பலகையில வரைஞ்சு நிறுத்திக்கிறேன்."

பலகைப் படம் நின்றால் என் பெயர் போயிற்று. வாளிக்காரனுக்கு இது தேவையா என்று ஊரே கேட்கும்.

அன்று ஐந்து மணிக்கு அந்தக் கார்ட்டூன் வரும் நாள். எதிரே இருந்த கோப்பிக் கடையில் கலர் டிவி இருந்தது. கை எப்படி எழுகிறது என்று பார்க்கப் போய் உட்கார்ந்தேன். ரோபோ கடலுக்குள்ளிருந்து எழுந்து வந்தது. அந்த நடையிலேயே எத்தனை டன் கனம் என்று தெரிந்தது. வரைந்தவன் இரும்பைத் தூக்கிப் பார்த்தவன்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அது கையை உயர்த்தியது. தோள்பட்டைத் தகடு மூடி மாதிரித் திறந்தது. அடியிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"ஒழுகுது," என்றேன் வாய்விட்டு.

கோப்பி கலக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் திரும்பினார். "கார்ட்டூனுக்கும் ஈயம் வைக்கப் போறீங்களாண்ணே?"

பட்டறைக்கு ஓடினேன். பெட்டிப் படத்தில் தோளைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு. நான் அதை நிழல் என்று நினைத்திருந்தேன். அது சந்து. சந்தைக் கண்டால் அடைப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே தோள்பட்டையை மார்போடு சேர்த்து, சொட்டுத் தண்ணீர்கூடப் போகாதபடி பற்றவைத்திருந்தேன்.

ஈயத்தை உருக்கிப் பிரித்தேன். வாளிக்குப் பிடி மாட்டுவதுபோல இரண்டு காது வைத்து, தகட்டைக் கம்பியில் தொங்கவிட்டேன். விரல் நுழையும் அளவு சந்து. மாரி கையைத் தூக்கினான். பட்டறை விளக்கு உடைந்தது.

"இப்ப சரியா மச்சான்?"

"சரிடா. விளக்கு போனா போவுது."

மறுநாள் துணி விழுந்தபோது பிள்ளைகள் சிரிக்கவில்லை. ரோபோ மாதிரியே எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

அதற்குப் பிறகு என் பட்டறையில் வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் முதலில் அந்தப் பொம்மைப் பெட்டியைத்தான் காட்டினேன். எங்கே அடைக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு ஈயத்தைத் தொடு என்பேன். காகிதத்தில் வரைகிற ரோபோவின் கைக்குச் சந்து தேவையே இல்லை. எப்படி வேண்டுமானாலும் தூக்கி வரையலாம், யாரும் கேட்கப் போவதில்லை. அதை வரைந்த ஜப்பான்காரன் அப்படியும் சந்து விட்டிருக்கிறான். நான் யாரையும் குரு என்று சொன்னதில்லை. அவனைச் சொல்லலாம்.