உன்னோட ஒரே பேஜாரு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அதில் நாலு வருஷம் பக்கத்து மெஷின் அவளுடையது. கர்நாடகப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவள், வீட்டில் உருது. தமிழை என் வாயைப் பார்த்தே பிடித்துக்கொண்டாள். மத்தியானம் இரண்டு டப்பாவையும் நடுவில் வைத்துத்தான் சாப்பிடுவோம்.

ஒருநாள் அவள் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. என் வேலையை விட்டுவிட்டு ஐந்தாறு முறை எழுந்துபோய் மாட்டிக்கொடுத்தேன். "உன்னோட ஒரே பேஜாரு" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். மழை விடாவிட்டால் பேஜார், பஸ் வராவிட்டால் பேஜார், இடுப்பை விட்டு இறங்காத பிள்ளையும் பேஜார். எங்களுக்கு அது அவ்வளவு லேசான சொல்.

அவள் முகம் செத்துவிட்டது. மறுநாள் கடைசி மெஷினுக்கு மாறிப் போய்விட்டாள். டப்பாவும் அங்கேதான். எனக்கும் ரோஷம் வந்தது. அத்தனை முறை எழுந்து உதவியதற்கு இதுவா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

எங்கள் சூப்பர்வைசர் மேல்விஷாரத்துக்காரர், அவர் வீட்டிலும் உருதுதான். அவளிடம் விசாரித்துவிட்டு வந்து அவர்தான் விஷயத்தை உடைத்தார்.

"எங்க பேச்சுல ஆளைப் பார்த்து பேஜார்னா, உன்மேல மனசு வெறுத்துப்போச்சுன்னு அர்த்தம்மா. உறவே வேணாம்னு சொல்ற மாதிரி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த சொல்தான். எத்தனை வாயில் புழங்கி, கசப்பெல்லாம் போய் எங்களிடம் வந்ததோ. அவளிடம் அந்தக் கசப்பு அப்படியே இருந்திருக்கிறது. மத்தியானம் என் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். எங்கள் ஊரில் அதை ஆசையாகத்தான் சொல்லுவோம் என்றேன். நம்பலாமா என்று கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு என் புளிச்சோற்றில் கைவைத்தாள். அதற்கப்புறம் அந்தச் சொல்லை என்னைவிட அவள்தான் ஜாஸ்தி சொன்னாள்.

அவள் குடும்பத்தோடு ஊருக்கே திரும்பிப் போய் மூன்று வருஷமாகிறது. போன வாரம் போன் செய்தாள். அங்கே தம்பி பெண்டாட்டியை விளையாட்டாகப் பேஜார் என்று சொல்லிவிட்டாளாம். அந்தப் பெண் இரண்டு நாளாகப் பேசவில்லையாம்.

"இன்னாக்கா பண்றது இப்போ?"

சிரித்தேன். அவள் வாயில் என் பேச்சு இன்னும் இருக்கிறதே என்று நினைத்ததும் அழுகையும் வந்துவிட்டது.

"டப்பாவைத் தொறந்து முன்னாடி வை" என்றேன்.