சினியோராவின் ஸ்கொட்லாந்துப் பெயர்

நான் வேலை செய்யும் வீட்டு அம்மாவை சினியோரா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு எண்பது வயது. கலியாணம் கட்டவில்லை. கூடப்பிறந்தவர்களும் இல்லை. அவருடைய குடும்பப் பெயர் இத்தாலியின் இந்தப் பலெர்மோ நகரத்தில் வேறு ஒருவருக்கும் கிடையாது. அது தன்னோடு முடிந்துபோகும் என்பதுதான் அவருடைய பெரிய கவலை. முழங்கால் வலிகூட அதற்குப் பிறகுதான்.

பெயர் எங்கிருந்து வந்தது என்று அறிய, பழைய குடும்பங்களின் பூர்வீகம் தேடுகிற ஒரு மனிதரைப் பிடித்தார். முதல் ஆள் ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலில் வந்தவர், வைன் வியாபாரத்தோடு தொடர்புள்ளவர் என்று அந்த மனிதர் வந்து சொன்னார். அவ்வளவுதான், வீடு ஸ்கொட்லாந்து ஆகிவிட்டது.

ஓகஸ்ட் மாதம். ஆபிரிக்காப் பக்கமிருந்து சுடுகாற்று அடிக்கிறது. சினியோராவின் தோளில் கட்டம் போட்ட கம்பளித் துணி. ஸ்கொட்லாந்துப் பிரபுக்கள் அதை இடுப்பில் சுற்றுவார்களாம். என் மருமகன் வீட்டில் உடுக்கிற சாரத்திலும் அதே கட்டம்தான். காலைக் கோப்பி நின்று ஓட்ஸ் கஞ்சி வந்தது. நாங்கள் கஞ்சியைக் காய்ச்சல்காரருக்குத்தான் கொடுப்போம். சினியோரா வெள்ளிக் கரண்டியால், முகம் சுளிக்காமல் இருக்கப் பாடுபட்டுச் சாப்பிட்டார். மிச்சத்தைப் பால்கனிப் புறாக்களுக்கு வைத்தேன். அவை ஸ்கொட்லாந்துப் புறாக்கள் இல்லை; தொடவில்லை.

பிறகு அந்த மனிதர் திரும்பவும் வந்தார். முதல் ஆள் வியாபாரி இல்லையாம். வியாபாரியின் கிடங்கில் பீப்பாய் கழுவினவராம். வேலை தேடி வந்து, ஒரு மீன்காரனின் மகளைக் கட்டி, இங்கேயே தங்கிவிட்டாராம்.

சினியோரா கம்பளியைக் கழற்றினார். அவர் இத்தாலியனில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"பீப்பாய் கழுவினவனோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார், நான்தான் கழுவச் சொல்லி அனுப்பியது போல.

"பீப்பாய்க்குள்ளை இறங்கித்தான் கழுவோணும் சினியோரா. கஷ்டமான வேலை" என்றேன்.

அடுத்த நாள் கோப்பி கேட்டார். ஆனால் அந்தக் கவலை மட்டும் போகவில்லை. பிரபுவின் பெயரோ பீப்பாய்க்காரனின் பெயரோ, அது அவருடைய பெயர். ஒரு நாள் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, "உன்ரை குடும்பப் பேர் என்ன?" என்று கேட்டார்.

எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை. தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்குப் பின்பெயர். எனக்கு என் அப்பாவின் பெயர், மகளுக்கு என் கணவரின் பெயர், மருமகனுக்கு அவருடைய தகப்பனின் பெயர். நாங்கள் இருக்கும் அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் வாசல் மணிக்குப் பக்கத்தில் மூன்று பெயர் ஒட்டியிருக்கிறது. தபால்காரர் அதை விடுதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தலைமுறைக்குத் தலைமுறை எங்கள் பெயர் முடிகிறது, ஒருவரும் அழுவதில்லை.

சினியோரா கணக்குப் போட்டார். "அப்ப உன்ரை பேரனுக்கு வைக்கிற பேர், அவன்ரை பிள்ளையளுக்குக் குடும்பப் பேராய் வருமோ?"

"ஓம்."

"அப்ப என்ரை குடும்பப் பேரை அவனுக்கு வை."

என் மகள் அப்போது பிள்ளை வயிற்றோடு இருந்தாள். எனக்கு இல்லை என்று சொல்ல வராது. தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"அம்மா, உங்களுக்கு விசரே?" என்று மகள் குதித்தாள். "பள்ளிக்கூடத்திலை பிள்ளையைப் பாத்துச் சிரிப்பினம்."

மருமகன் சோற்றைப் பிசைந்தபடி, "மாமி, அந்தப் பேரோடை போனா லண்டனுக்கு விசா கேக்காமல் விடுவாங்களோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ" என்றார். பிறகு மகளிடம், "இல்லையப்பா, நல்ல சின்னப் பேர். விசா புதுப்பிக்கப் போனா க்வெஸ்தூராப் பொலிசிலை என்ரை பேரைச் சொல்லத் தொடங்கி, பாதியிலை விட்டிட்டுக் கையாலைதானே கூப்பிடுறாங்கள்" என்றார்.

"வையுங்கோ. வீட்டிலை நான் வேறை பேர்தான் கூப்பிடுவன்" என்றாள் மகள்.

பிள்ளை பிறந்தது. பெண்.

முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிவு அன்று சினியோரா அந்தக் கம்பளித் துணியைப் போர்த்துக்கொண்டு, முழங்கால் வலியோடு எங்கள் மாடிப்படியெல்லாம் ஏறி வந்தார். நான் தரையைப் பார்த்தபடி சொன்னேன்: "பொம்பிளைப்பிள்ளை சினியோரா. இவளின்ரை பிள்ளையளுக்குப் புருசன்ரை பேர்தான் வரும்."

அவர் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார்.

"பீப்பாய்க்காரனிலையிருந்து என்ரை அப்பா வரைக்கும் ஆம்பிளையள்தான் கொண்டுவந்தவை. என்னட்டை வந்து நிண்டிட்டுது" என்றார். "சரி, இவளிலையும் நிக்கட்டும். இன்னுமொரு எண்பது வருசம் கிடைக்குதுதானே. வை."

பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் நாளில் தானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். அந்தப் பெயரை யாராவது உரத்துக் கூப்பிடுவதைக் கேட்க வேண்டுமாம். அங்கே தாதி கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, எங்கள் தலைகளுக்கு மேலால் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையைத் தேடினார். பக்கத்தில் சினியோரா, எண்பது வருடப் பழக்கத்தில், எழுந்து கையை உயர்த்தினார்.

"இஞ்சை!"

தாதி அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஆச்சி, ஊசி உங்களுக்கோ?"

"பேர் ரெண்டுபேருக்கும்தான்" என்றார் சினியோரா. "ஊசியை அவவுக்குப் போடுங்கோ."