கராஜ் கூரையில் ஓர் ஊதா வட்டம்

நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில் நான் இருக்கும் வீட்டின் கராஜ் கூரையில் ஒரு கறை உண்டு. தோசைக்கல் அளவு வட்டம். நடுவில் கருத்த ஊதா, ஓரத்தில் வெளிறிய ரோஜா நிறம், சுற்றிலும் தெறித்த புள்ளிகள். முதல்முறை வருகிறவர்கள் மாடியில் குழாய் ஒழுகுகிறதோ என்று கவலையோடு அண்ணாந்து பார்ப்பார்கள். போன மாதம் பெயின்ட் அடிக்க வந்தவர், ஒரு கோட் போதும், இருந்த இடம் தெரியாது என்றார். அதில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அது என் அண்ணியின் கையெழுத்து.

எம்.எஸ். படிக்க வந்தபோது இதே வீட்டில் அண்ணனோடும் அண்ணியோடும்தான் தங்கினேன். அண்ணிக்கு மருந்து கம்பெனியில் வேலை. ஞாயிறு காலைகளில் தமிழ்ப் பள்ளியில் சின்னக் குழந்தைகளுக்கு வகுப்பு எடுப்பார். வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பெயரைச் சரியாகச் சொன்னால்தான் தோலை உரிப்பேன் என்று வாண்டுகளிடம் பேரம் பேசுவார். அந்த வகுப்பு அவருக்கு உயிர். இன்னொரு உயிர், தெற்கு ஜெர்சியில் மண் மணலாக மாறும் இடத்தில் இருந்த ஒரு திராட்சைத் தோட்டம்.

வைன் தோட்டம் என்றால் வெயில் காலம், கையில் கிளாஸ், பின்னால் பச்சைக் கொடி என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணி என்னை முதலில் கூட்டிப் போனது ஜனவரியில். பனிக்கு நடுவே கருத்த கட்டைகள் வரிசையாக நின்றன. கத்தரித்த கிளைகளை யாரோ குவித்துக்கொண்டிருந்தார்கள்.

"இத பாக்கவா இவ்ளோ தூரம் டிரைவ் பண்ணிட்டு வந்தோம்?" என்றேன், மூக்கு சிவந்துபோய்.

"மேக்கப் போட்டா எல்லாரும்தான் அழகு. தூங்கி எழுந்த மூஞ்சிய பாக்க வேணாமாடி?" என்றார்.

அதற்குப் பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. வசந்தத்தில் மொட்டு கண் திறந்ததும், எங்கள் ஊர் வானிலையை விட்டுவிட்டுத் தோட்டத்து ஊரின் வானிலையைப் போனில் பார்க்கத் தொடங்கினோம். ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் அந்த வருஷமே போச்சு. ஜூலையில் பறவைகளுக்குப் பயந்து கொடிகளுக்கு வலை கட்டியிருப்பார்கள். நம் ஆட்களும் அப்போதுதான் ஸ்ட்ரோலர், தயிர்சாத டப்பா சகிதம் கூட்டமாக வருவார்கள். வாங்கிய கிளாஸை ஆசையாகச் சுழற்றுவார்கள், குடிப்பார்கள். போட்டோ எடுக்கும்போது மட்டும், "கிளாஸ கீழ வைங்கப்பா, ஊருக்கு அனுப்பற போட்டோ" என்று ஒரு குரல் வரும். உடனே எல்லாக் கிளாஸும் பெஞ்சுக்குப் பின்னால் மறையும். அண்ணி மட்டும் வைக்க மாட்டார். முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். அந்தப் படம் எங்கள் அம்மாவுக்குப் போனது. கையில் என்ன என்று அம்மா கேட்க, "வைன் அத்தை" என்றார் அண்ணி. ஒரு வாரம் அம்மா பேசவில்லை. அப்புறம் போன் செய்து, "ரொம்பப் புளிக்குமோ?" என்று கேட்டார்.

அண்ணிக்குத் தேனிப் பக்கம், திராட்சை விளையும் பூமி. அதனால் பார்க்கிறவர்கள் எல்லாம் அவருக்கு ஒரு சாக்கு தயார் செய்து கொடுப்பார்கள். ஊர் ஞாபகம்தானே? ஹார்ட்டுக்கு நல்லதாமே? கேக் செய்யவா? எதையும் அண்ணி வாங்கிக்கொள்ள மாட்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல. செய்யப் பிடிச்சிருக்கு. குடிக்கவும் பிடிச்சிருக்கு" என்பார். ஒரு பெண் காரணமே சொல்லாமல் ஒன்றை விரும்பலாம் என்பதை நான் அதற்கு முன் எங்கேயும் கேட்டதில்லை.

அறுவடை வந்ததும் தோட்டத்திலிருந்து பெட்டி பெட்டியாகப் பழம் வாங்கி வந்து கராஜில் நசுக்குவோம். பெரிய வெள்ளை வாளிகளில் அது பொங்கும். தோலெல்லாம் மேலே வந்து ஆடையாகப் படியும். காலையும் மாலையும் அதை அமுக்கிவிட வேண்டும். கோயில் அன்னதானத்துக்கு வாங்கிய நீளக் கரண்டிதான் அதற்கு. சிக்கல் என்னவென்றால், இங்கே திராட்சை பொங்குவதும் நவராத்திரி வருவதும் ஒரே சமயம். சுவருக்கு இந்தப் பக்கம் கொலு, அந்தப் பக்கம் வாளிகள்.

ஒரு வருஷம் தமிழ்ப் பள்ளியை நடத்தும் ஆன்ட்டி கொலுவுக்கு வருவதாகச் சொன்னதும் அண்ணனுக்குக் கைகால் ஓடவில்லை. வாளிகளைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றலாம் என்றான். அண்ணி முடியாது என்றார். அவர் பட்டுப்புடவை கட்டப் போன நேரத்தில், வாசனை வராமல் இருக்கட்டும் என்று, பொங்கும் காற்று வெளியேறத் துணி மட்டும் கட்டியிருந்த வாளிகளின் மூடிகளை அண்ணன் ஊறுகாய் டப்பாவை அடைப்பதுபோல் அழுத்தி மூடி, மேலே கம்பளியையும் போர்த்திவிட்டான். கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவன்.

ஆன்ட்டி வந்ததுமே மூக்கை உறிஞ்சி, "ஆப்பத்துக்கு அரைச்சிருக்கியாம்மா?" என்றார். அண்ணன் அவசரமாக "ஆமா ஆன்ட்டி" என்றான். சுண்டல் விநியோகம் முடிந்து ஒரு குழந்தை பாட ஆரம்பித்தது. இரண்டாவது வரியில் கராஜில் தீபாவளி வெடித்தது. கொலுப்படியில் செட்டியார் பொம்மை சாய்ந்தது. குழந்தைகள்தான் முதலில் ஓடினார்கள். மூடி பறந்து கூரையில் அறைந்து விழுந்திருந்தது. காரெல்லாம் ஊதா, கம்பளியெல்லாம் தோல், கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக வைன்.

"வோவ்! டீச்சர், கேன் இட் டூ தட் அகெய்ன்?" என்றது ஒரு வாண்டு.

"ஜூஸ், கிரேப் ஜூஸ்தான் ஆன்ட்டி" என்றான் அண்ணன்.

அண்ணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். "ஜூஸ் இல்ல ஆன்ட்டி. வைன். நான்தான் போடறேன்."

ஆன்ட்டியின் குரல் தணிந்தது. "கொலு வெச்ச வீட்டுலயாம்மா? சின்னப் பசங்களுக்குத் தமிழ் சொல்லிக்குடுக்கற பொண்ணு நீ. பேரன்ட்ஸ் என்னைத்தானே கேப்பாங்க?"

"உங்க வீட்டு பேஸ்மென்ட் பார்ல அங்கிள் ஊத்திக்குடுக்கறப்ப யாரும் எதுவும் கேக்கலியே ஆன்ட்டி."

"அது ஜென்ட்ஸ் பார்ட்டிம்மா. இது வேற. ஒண்ணு இது, இல்ல தமிழ் கிளாஸ். நீயே முடிவு பண்ணிக்கோ."

அண்ணி அழுதுவிடுவார் என்றுதான் நினைத்தேன். கண் நிறைந்தும் இருந்தது. வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்து வந்து, ஆன்ட்டிக்குக் குங்குமம் கொடுத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு நீளக் கரண்டியை எடுத்து, மிஞ்சிய வாளிகளின் மூடியைத் திறந்து, ஒவ்வொன்றாக அமுக்கிவிட ஆரம்பித்தார். அதுதான் அவர் பதில்.

வகுப்பு போனது. யாரும் சண்டை போட்டு அதை மீட்டுத் தரவில்லை. சில ஞாயிறுகளில் அந்த நேரத்துக்குப் பழக்கதோஷத்தில் குளித்துத் தயாராகி, வாழைப்பழத்தோடு சமையலறையில் நின்றுகொண்டிருப்பார். அப்புறம் கார் சாவியை எடுப்பார். "வாடி, இப்ப ஞாயித்துக்கிழமையும் ஃப்ரீ." அந்தக் குளிர்காலம் முழுக்க எல்லா வாரமும் தோட்டத்துக்குப் போனோம். மூடி பறந்த வாளியில் மிஞ்சியதை வசந்தத்தில் பாட்டிலில் அடைத்தார். கொஞ்சம் முரட்டுப் புளிப்பு. அதைத்தான் முதலில் காலி செய்தோம்.

அண்ணனுக்குக் கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில் வேலை கிடைத்து அவர்கள் போய்விட்டார்கள். அண்ணிக்கு இப்போது தோட்டங்கள் கூப்பிடு தூரத்தில். வீடு என்னிடம். கரண்டியும் என்னிடம். இந்த வருஷம் முதன்முதலாக நானே கொலு வைக்கிறேன். பழப் பெட்டிகளும் வந்து இறங்கிவிட்டன. "கறைய பெயின்ட் பண்ணிட்டியா?" என்று அண்ணன் போனில் கேட்டான். பின்னாலிருந்து அண்ணியின் குரல், "அவ தொட்டான்னா கைய ஒடிப்பேன்னு சொல்லுங்க."

நேற்று எல்லோருக்கும் அழைப்பு அனுப்பினேன், அந்த ஆன்ட்டிக்கும் சேர்த்து. சுண்டல் உண்டு, குழந்தைகள் பாடலாம் என்று எழுதிவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்தேன்: முன்வாசல் பூட்டியிருக்கும், கராஜ் வழியாக வரவும். வருகிறவர்கள் வாளிகளைத் தாண்டித்தான் அம்மனிடம் போக வேண்டும். போகிற வழியில் கட்டாயம் அண்ணாந்து பார்ப்பார்கள். குழாய் ஒழுகலா என்று யாராவது கேட்கட்டும், சொல்கிறேன்.