இடி வராத வாரம்

எங்கள் ஊரில் இடி முழங்கினால் முதல் காரியம் பிளக்கைப் பிடுங்குவதுதான். டிவி, வைஃபை டப்பா, துணி துவைக்கும் மெஷின் எல்லாவற்றையும் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவோம். பத்து பாகாட் நகரில் நான் வேலை பார்க்கும் டயாலிசிஸ் நிலையத்திலும் அதே பழக்கம். ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரங்களுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு, அவற்றை யாரும் தொடமாட்டோம். என் கவுண்டருக்குக் கீழே சோப்புக் கட்டி அளவில் ஒரு கணினி இருக்கிறது. அதற்குத்தான் என்னை விட்டால் ஆளில்லை. தூரத்தில் ஓர் உறுமல் கேட்டால் போதும், என் கை தானாகக் கீழே போகும். மழை விட்டதும் திரும்பச் செருகுவேன். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் பிற்பகல் இடிக்குப் பஞ்சமா? நாளுக்கொரு முறை அந்தப் பெட்டி செத்துப் பிழைக்கும்.

அந்தப் பழக்கம் என்னுடைய தவறு ஒன்றைப் பல மாதங்கள் மூடி வைத்திருந்தது. தெரிய வந்தது ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஒரு கல்யாண வீட்டுக்காரரை எதிர்பார்த்து நின்றபோது.

பெட்டி எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் ஆறு நாற்காலிகள். நோயாளிகள் வாரம் மூன்று நாள் வந்து, ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். காலை ஆறு, பதினொன்று, மாலை நாலு என்று மூன்று வேளை. முன்பெல்லாம் நாள் முழுக்கத் தொலைபேசி அடிக்கும். "கிராணியம்மா, நாளைக்கு எனக்கு எத்தனை மணி?" ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவர் யாராக இருந்தாலும் கிராணிதான். ஒருவருக்குப் பதில் சொல்வதற்குள் இன்னொருவர். ஆகவே, அவரவர் தங்கள் அட்டை எண்ணைக் கைப்பேசியில் தட்டினால் அவரவர் நேரம் தெரிகிற மாதிரி அந்தப் பெட்டியில் ஓர் இணையப் பக்கம் செய்தேன்.

எனக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. ஐந்தாம் படிவம் முடித்துத் துணி ஆலைக்குப் போனவள் நான். பள்ளிச் சீருடைச் சட்டையில் பெயர்ப்பட்டை தைக்கும் பிரிவில் ஒன்பது வருடம். இங்கே வந்த பிறகு, ஆளில்லாத நேரத்தில் தேடித் தேடிப் படித்தேன். லுவா என்று ஒரு குட்டிக் கணினி மொழி. சின்னப் பெட்டிக்கும் பாரமாக இருக்காது. மிஸ்ஸியிடம் சொன்னபோது, "அல்வாவா? எனக்கும் ஒரு துண்டு வைலா" என்றார். மிஸ்ஸி என்றால் எங்கள் தலைமைத் தாதி. இங்கே தாதிகளை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அந்த மொழியைப் பக்கத்துக்குள்ளேயே எழுதலாம் என்பதுதான் எனக்குப் பிடித்துப்போனது. வணக்கம், உங்கள் நேரம், தாமதிக்காமல் வாருங்கள் என்று பக்கம் பாட்டுக்குப் பக்கமாக இருக்கும். நடுவில் ஒரு சின்ன இடைவெளி. யாராவது கேட்கும்போது மட்டும் அந்த இடைவெளிக்குள் மொழி வேலை செய்து, அவருடைய நேரத்தை எடுத்து வைக்கும். எனக்கு அது ஆலை வேலை மாதிரியே பட்டது. சட்டை எல்லாம் ஒன்றுதான். பிள்ளைக்குப் பிள்ளை மாறுவது நெஞ்சில் தைக்கும் பெயர்ப்பட்டை மட்டும். எங்கேயோ போய் வேறு வேலை கற்றுக்கொண்டதாக நினைத்தேன், பார்த்தால் அதே மெஷின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இனி அந்தச் சனிக்கிழமை.

லோரி ஓட்டி ஓய்வு பெற்ற ஓர் அண்ணன் எங்கள் நோயாளி. செவ்வாய், வியாழன், சனி, மாலை நாலு மணிக்காரர். அவருடைய ஒரே மகளுக்கு, பக்கத்து ஊரான ஆயர் ஈத்தாமில் ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். சனிக்கிழமை மாலை வீட்டில் நலங்கு. நாலு மணிக்கு இங்கே வந்து படுத்தால் நலங்கு போச்சு. வராமல் விட்டாலோ, உடம்பில் நீர் ஏறி மறுநாள் மணவறையில் மூச்சு வாங்கும். உட்கார்ந்து தாரை வார்க்க முடியாது. பெண்ணுக்கு அம்மா இல்லை. "நான் உக்காரலேன்னா யாரு தங்கச்சி உக்காருவா?" என்று வாரம் முழுக்க என் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

வெள்ளிக்கிழமைதான் வழி பிறந்தது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்காரர் ஒருவர் மகன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். ஒரு நாற்காலி காலி. அண்ணனுடைய எண்ணுக்கு நேராக 'சனி, ஆறு மணி' என்று மாற்றம் போட்டேன். அவர் அங்கேயே நின்று பக்கத்தைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"அண்ணே, பாத்துப் பாத்து எழுத்தைத் தேச்சிடாதீங்க."

"நீ சிரி தங்கச்சி. எனக்கு இதுதான் மொதப் பத்திரிகை."

அந்த வாரம் முழுக்க இடி இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. பெட்டி தூங்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை நான் நிலையத்துக்குள் நுழைந்தபோது அந்தக் காலி நாற்காலியில் ஓர் அக்கா சாய்ந்திருந்தார். பொந்தியான் போகிற சாலையில் ஒரு கம்பத்தில், அதாவது சின்னக் கிராமத்தில், இருப்பவர். எப்போதும் பதினொரு மணிக்காரர். வாசலில் இன்னொரு பதினொரு மணிக்காரர், பக்கத்துத் தெருச் சீனப் பெரியவர், கைப்பேசியை நீட்டிக்கொண்டு நின்றார். இருவருக்கும் பக்கம் ஆறு மணி என்று காட்டியிருக்கிறது. எடை பார்க்கும் இடத்தில் உள்ள திரையும் அதே பக்கம்தான், அதிலும் ஆறு. முதலில் வந்த அக்காவை மிஸ்ஸி உட்கார வைத்துவிட்டார். ஊசி மட்டும் இன்னும் போடவில்லை.

அக்கா முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "பேக்டரி வேன்ல தொத்திக்கிட்டு வந்துட்டேன் கிராணியம்மா. பத்து மணிக்கு முடிஞ்சிரும்ல? மகன் சிங்கப்பூர்லேருந்து சனிக்கிழமை மத்தியானம் வருவான், சாயங்காலம் போயிருவான். அவன் வர்ற நேரம் நான் இங்க படுத்திருப்பேன். இன்னிக்குத்தான் அவனுக்குச் சோறு போடப் போறேன்."

அண்ணனைக் காணவில்லை. கவுண்டரில் அக்காவின் எண்ணைத் தட்டினேன். ஆறு. என் கை, இடி இல்லாமலேயே, கீழே போய்ப் பிளக்கைப் பிடுங்கியது. ஏன் என்று கேட்டால் தெரியாது. தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். திரும்பச் செருகி அக்காவின் எண்ணைத் தட்டினேன். பதினொன்று! அண்ணனுடையது, ஆறு. சரி. மறுபடி அக்காவுடையது. ஆறு.

அப்போது புரிந்தது. ஒரு சட்டைக்கு எடுத்த பெயர்ப்பட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டேன். அடுத்த சட்டை வந்ததும் அதே பட்டை போய் உட்கார்ந்துவிட்டது. அந்த மொழியில், ஒரு விஷயம் இந்த ஒரு தடவைக்கு மட்டும்தான் என்றால் முன்னால் 'லோக்கல்' என்று ஒரு சொல் போட வேண்டும். போடாவிட்டால் அது எல்லோருக்கும் பொதுவாக நினைவில் தங்கிவிடும். மாற்றிய நேரத்தை வைக்க நான் எழுதிய வரிக்கு முன்னால் அந்தச் சொல் இல்லை. மாற்றம் உள்ளவர் பார்த்த பிறகு, மாற்றம் இல்லாதவர் யார் பார்த்தாலும் முந்தினவருடைய நேரம்தான் தெரியும். மாதக்கணக்காக இப்படித்தான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு பிற்பகலும் இடி வந்து, நான் பிளக்கைப் பிடுங்கி, என்னை அறியாமலேயே அந்த நினைவைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆறு இருபதுக்கு அண்ணன் ஓடி வந்தார். ஓட முடியாதவர் ஓடி வந்தார். "வீட்டு வாசல்லே பந்தல் சாமான் லோரி குறுக்கே நிக்குது தங்கச்சி. முப்பது வருஷம் நான் எத்தன பேர் வழிய மறிச்சேனோ!" சிரித்தபடியே நாற்காலியைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

மிஸ்ஸி என்னை ஓரமாக இழுத்தார். "திரையில ஆறுன்னு இருக்கு, அவங்க மொத ஆளா வந்தாங்க. என்ன சொல்லி எழுப்பச் சொல்ற? சர்வர் ஹேங் ஆயிருச்சுன்னு சொல்லிடுலா. யாரு கேக்கப்போறா?"

உண்மைதான், யாரும் கேட்கமாட்டார்கள். பெட்டி மேல் பழி போட்டால் பெட்டி பேசாது. ஆனால் அக்காவைப் பார்த்தேன். அவர் என் பக்கத்தை நம்பி, கருக்கலில் முன்பின் தெரியாதவர்களோடு வேனில் ஏறி வந்தவர். அவரை எழுப்ப வேண்டுமென்றால், எழுப்புகிற காரணமாவது நிஜமாக இருக்க வேண்டாமா?

நாற்காலிகளுக்கு நடுவே போய் நின்றேன். "அக்கா, உங்க நேரம் பதினொண்ணுதான். பக்கம் தப்பாக் காட்டிருச்சு. தப்பு பெட்டி மேல இல்ல, அதை எழுதினது நான். இது இந்த அண்ணனுக்கு வெச்ச எடம். நாளைக்கு அவர் மகளுக்குக் கல்யாணம்."

அக்காவின் முகத்து வெளிச்சம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த தண்டனை. "அப்போ சாப்பாடு?" என்றார், சின்னக் குரலில்.

"வேணாம் தங்கச்சி, விடு. அவங்க உக்காந்துட்டாங்க" என்றார் அண்ணன். சொல்லிவிட்டுப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கால்சட்டையைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டார்.

எங்கள் நோயாளிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. சந்தித்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திப் பார்ப்பார்கள். எவ்வளவு நீர் ஏறியிருக்கிறது என்பது குழியில் தெரியும். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். கேட்கவில்லை, குனிந்து அண்ணனின் காலில் விரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். குழி அப்படியே நின்றது. நாங்கள் எல்லோரும் அது மேலே வரக் காத்திருந்தோம். வரவில்லை.

"அலமாக்! தம்பி, என்னத்தையா குடிச்சே?"

"வர்றவங்க எல்லாருக்கும் காப்பி கலக்குறாங்கக்கா. நானும் ரெண்டு வாய்..."

"ரெண்டு வாயா இது? குளம் வெட்டி வெச்சிருக்கே! போ, போய்ப் படு. இந்தக் காலை வெச்சிக்கிட்டு மணவறை ஏறுவியா நீ?" சட்டென்று என் பக்கம் திரும்பினார். "கிராணியம்மா, என் மகனுக்குப் போன் போடு. சோறு வீட்ல இல்ல, இங்கேன்னு சொல்லு. நீதான் வாங்கி வைக்கணும்."

வாங்கி வைத்தேன். சீனப் பெரியவர் என் தோளைத் தட்டிவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போனார். வரிக்கு முன்னால் விட்டுப்போன சொல்லைச் சேர்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதினொரு மணிக்கு அக்கா தன் நாற்காலியில் படுத்தார். மகன் நேராக இங்கே வந்து ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். கிளம்பும்போது அக்கா என் காதில் சொன்னார்: "வீட்டுக்கு வந்தா தட்டைப் பார்ப்பான், டிவியைப் பார்ப்பான். இன்னிக்கு நாலு மணி நேரம் என் மூஞ்சியைத்தான் பார்த்தான்." எனக்காகச் சொன்னாரா, நிஜமாகவே அப்படி இருந்ததா, இன்றைக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் ஆயர் ஈத்தாமுக்குப் போனோம். கூப்பிட்டது அண்ணன், கட்டளையிட்டது அக்கா. அண்ணன் மணவறையில் நிமிர்ந்து உட்கார்ந்து மகள் கையைப் பிடித்துக் கொடுத்தார். மூச்சு வாங்கவில்லை. பந்தியில் அக்கா எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, "ரசத்தைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்" என்று அவரைக் காவல் காத்தார்.

சாப்பாடு முடிகிற நேரத்தில் மண்டபத்துக் கூரைக்கு மேலே உருண்டது இடி. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்தது போல. மண்டபக்காரர் ஓடிப்போய் ஒலிபெருக்கியின் பிளக்கைப் பிடுங்கினார், பாட்டு பாதியில் நின்றது. என் கையும் நாற்காலிக்குக் கீழே போய், ஒன்றுமில்லாமல் திரும்பியது. நிலையத்தில் இன்றைக்கு ஆளில்லை. பெட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அண்ணன் வியர்த்த சட்டையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "தங்கச்சி, எனக்கு அடுத்து எப்போ? பாரேன்."

அவர் எண்ணைத் தட்டினேன். "செவ்வாய். பழைய நாலு மணி."

"அப்படியே எனக்கும் பாரு" என்றார் அக்கா.

மாற்றம் எதுவும் இல்லாத நாள் இது, சரியாகத்தான் காட்டும், இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அவருடைய எண்ணைத் தட்டும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. பக்கம் திறந்தது.

"செவ்வாய், பதினொண்ணு அக்கா."

"தம்பியோடதா, என்னோடதா?"

"உங்களோடது."

அக்கா தலையாட்டிவிட்டு, அண்ணனின் காலை இழுத்துக் கட்டைவிரலை வைத்தார்.